முதல் மடக்கு

என் அக்காவைக் கட்டியவர் ஆட்டுத் தரகர். சந்தைக்குச் சந்தை போய், விற்கிறவரையும் வாங்குகிறவரையும் எதிரெதிரே நிறுத்தி, துண்டுக்குள் கையை விட்டு விரலைத் தொட்டு விலை பேசி முடிக்கிற தொழில். ஆனால் குளத்தூர் தொடங்கிக் கீரமங்கலம் வரைக்கும் அவரைத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு ஆடு இரண்டாவதாகத்தான் நினைவுக்கு வரும். "இன்னிக்கு எங்கிட்டுக் குடிக்கலாம்?" என்று கேட்டால் யோசித்துப் பதில் சொல்கிறவர் என்றுதான் அவரை எல்லாருக்கும் பழக்கம்.

யுத்த காலம் அது. எனக்குத் திருக்கோகர்ணத்தில் வாடகை சைக்கிள் கடை. டயர் கிடைக்காமல் பாதி சைக்கிள்கள் சுவரில் சாய்ந்தே கிடந்தன. சமஸ்தானத்தில் கள்ளுக்கடைகள் குத்தகைக்கு விடப்பட்டு ஊருக்கு ஊர் நடந்தன. கடைக்குக் கடை கள் வேறு. பனை வேறு, தென்னை வேறு. செம்மண் காட்டுப் பனை வேறு, கண்மாய்க்கரைப் பனை வேறு. காலையில் இறக்கியது வேறு, அந்தியில் இறக்கியது வேறு. என்னைப் போன்றவர்களுக்கு எல்லாம் ஒரே புளிப்புதான். மச்சானுக்கோ ஒவ்வொன்றும் தனித்தனி ஆள் மாதிரி. இது கோபக்காரக் கள், இது சோம்பேறிக் கள், இது பேச்சுத் துணைக்கு ஆகும் என்பார்.

அவர் குடிகாரர் அல்ல. சந்தை முடிந்தால் ஒரு மொந்தை, அவ்வளவுதான். வீட்டுக்கு வரும்போது நடை பிசகி நான் பார்த்ததில்லை. மற்றவன் குடிக்கும்போது அவன் முகத்தைப் பார்ப்பதில்தான் அவருக்குச் சுகம். முதல் மடக்கில் முகம் சுளிக்கிறானா, இரண்டாவது மடக்கில் நெற்றி தளர்கிறதா என்று பிள்ளை சோறு உண்பதைப் பார்க்கிற தாய் போலப் பக்கத்திலேயே நிற்பார்.

கேட்டவுடன் சொல்லிவிட மாட்டார். முதலில் ஆளைப் பார்ப்பார். "சாப்பிட்டீங்களா?" என்பார். "என்ன சாப்பிட்டீங்க?" என்பார். "வீட்டுக்கு எப்பப் போகணும்?" என்றும் கேட்பார். குளத்தூர்ச் சந்தையில் ஒரு கொத்தனாரிடம் அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"கம்மங்கூழ் குடிச்சிட்டு வந்திருக்கீங்க. தென்னங்கள்ளு வேணாம், வயித்துல ரெண்டும் சண்டை போடும். மேலக்கடைக்குப் போங்க. செம்மண் காட்டுப் பனை, காலையில எறக்குனது. கொஞ்சம் துவர்ப்பா இருக்கும். மொதல் மடக்குல ஒங்களுக்குப் புடிக்காது. கீழ வச்சிராதீங்க. ரெண்டாவது மடக்குல சொல்லுங்க."

கொத்தனார் போய்விட்டு அரைமணி கழித்துத் திரும்பி வந்தார். மச்சானுடைய தோளில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனார். அன்றைக்கு ஆட்டுப் பேரம் ஒன்று கைநழுவிப் போயிருந்தது. மச்சானுக்கு அது பெரிதாகத் தோன்றவே இல்லை.

இன்னொருவர், அப்பாவைப் பறிகொடுத்துச் சில நாள்தான் ஆகியிருந்தது, வந்து நின்றார். மச்சான் அவரை வெகுநேரம் பார்த்தார். "இன்னிக்கு நீங்க குடிக்க வேணாம்ணே. பதநி வாங்கித் தாரேன். அடுத்த வாரம் வாங்க, நானே கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றார். அவர் அடுத்த வாரம் வந்தார். மச்சான் அழைத்துக்கொண்டு போனார்.

பட்டாளத்திலிருந்து லீவில் வந்த ஒரு ஆள் ஒரு தடவை சீமை பீர் பாட்டில் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். மூடியைத் திறந்து, மச்சானிடம் தம்ளரை நீட்டி, "இதுக்கு ஒரு வார்த்த சொல்லுங்க பாப்போம்" என்றான். மச்சான் முகர்ந்தார். ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது எந்தத் தானியமோ எனக்குத் தெரியாது தம்பி. ஆனா வெயில்ல ரொம்ப நாள் நின்னிருக்கு, பாவம். கசப்புக்குப் பின்னால தீஞ்ச ரொட்டி வாசம் வருது பாரு, அது நல்லாருக்கு. கருவாட்டோட குடிச்சிராத, வீணாப் போயிரும். வறுத்த கடலை வாங்கிக்க."

அவர் ஆடு விஷயத்தில் சொன்ன சொல்லும் இப்படித்தான். சினை ஆடு என்றால் சினை, இல்லையென்றால் இல்லை. ஒரு விஷயத்தில் அவர் நாக்கு பொய் சொல்லாது என்று ஆனபிறகு, மற்ற விஷயத்திலும் பொய் சொல்லாது என்று ஜனங்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில்தான் அக்கா வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஒரு ஐப்பசி மாதத்து அடைமழையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஊரில் பல வீடுகளில் வந்த காய்ச்சல்தான். மூக்கடைப்பும் மண்டைக்குத்தலுமாகக் கிடந்து எழுந்தார். தலைமுடி கொட்டியது, கன்னம் ஒட்டிப்போயிற்று. கார்த்திகையில் மறுபடி சந்தைக்குக் கிளம்பிவிட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

எங்கள் தெருவில் ஒரு கிறிஸ்தவ டீச்சரம்மா இருந்தார். ஆடி மாதத்தில் நாவல்பழம் வாங்கிச் சர்க்கரை சேர்த்து ஜாடியில் ஊறப்போட்டு, வடிகட்டிப் பாட்டிலில் அடைத்து, கிறிஸ்துமஸுக்குத் திறப்பார். ஒயின் என்பார். வருஷா வருஷம் அவர் வீட்டுக்காரருக்கு முன்னால் மச்சானுக்குத்தான் சின்னத் தம்ளரில் ஊற்றித் தருவார். சுருட்டுப் பிடிக்கும் அவர் வீட்டுக்காரரும் மச்சான் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த வருஷமும் டீச்சரம்மா கூப்பிட்டு அனுப்பினார். நானும் கூடப் போயிருந்தேன்.

மச்சான் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கறுஞ்சிவப்பு. குடித்தார். கொஞ்சம் யோசிப்பவர் போல இருந்தார்.

"நாவப்பழ வாசம் இந்த வருஷம் ரொம்பத் தெளிவா இருக்கு டீச்சர். சக்கரையும் அளவுதான். கொட்டையோட துவர்ப்பு மட்டும் லேசா நிக்குது. அது இருக்கட்டும், அதுதான் அழகு."

டீச்சரம்மா சிரிக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். தம் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் வாயிலிருந்த சுருட்டை எடுத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். "சந்தோஷம்ங்க" என்று மட்டும் சொன்னார் டீச்சரம்மா. நாங்கள் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இந்த வருஷம் நாவல் சரியாக் காய்க்கல தம்பி. கடையில வாங்கின உலர்ந்த திராட்சையிலதான் போட்டேன். அதச் சொல்லி அவர ஆச்சரியப்படுத்தணும்னு இருந்தேன். அவருக்கு ஒடம்பு இன்னும் தேறல போல. பாத்துக்குங்க."

அன்று சாயங்காலம் அக்காவிடம் போய்க் கேட்டேன். அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"எனக்கு அப்பவே தெரியும் தம்பி. அடுப்புல கருவாட்டப் போட்டுட்டுத் தண்ணிக்குப் போனேன். திரும்பி வந்து பாத்தா தீஞ்சு வீடு பூராப் பொகை. அவுக பக்கத்துலயே ஒக்காந்து கயிறு திரிச்சுக்கிட்டு இருக்காக. கண்ணு எரியுதுன்னாக. அம்புட்டுத்தான். வாடையே தெரியல. நான் பிடிச்சு ஒலுக்கிக் கேட்ட பெறகு ஒத்துக்கிட்டாக."

"என்ன சொன்னாரு?"

"புளிப்புன்னு தெரியுதாம், இனிப்புன்னு தெரியுதாம். எந்த ஊருப் புளிப்பு, எந்த மரத்து இனிப்புன்னு தெரியலையாம். வெளியில சொல்லாதன்னு என் கையப் புடிச்சுக்கிட்டாக. கள்ளு விஷயத்துல தெரியாமத் தெரிஞ்ச மாதிரிச் சொன்னாருன்னு ஆயிட்டா, ஆட்டு விஷயத்துல எவன் நம்புவான்னு கேக்குறாக. நான் என்னத்தச் சொல்ல?"

அன்றிலிருந்து எங்கள் மூன்று பேர் வயிற்றிலும் அந்தப் பயம் ஏறி உட்கார்ந்துகொண்டது. மூன்று பேரில் அதிகம் பயந்தது அக்காதான். சந்தை நாளில் அவர் திரும்பி வரும்வரை அவள் சாப்பிட மாட்டாள். தெருவில் மாட்டு வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்துபோய் எட்டிப் பார்ப்பாள்.

ஏனென்றால் அந்த வருஷங்களில் கள்ளில் பல கோளாறுகள் நடந்தன. குத்தகைக்காரர்கள் தண்ணீரை ஊற்றிப் பெருக்குவார்கள். வேகம் குறைந்துவிட்டது தெரியாமலிருக்க எதையாவது கலப்பார்கள். ஊமத்தை விதை கலந்த கள்ளைக் குடித்துப் பைத்தியம் பிடித்தவர் போல ஆகி, ஒரு ஊரில் ஒருவர் கிணற்றில் விழுந்தார் என்று பேச்சு இருந்தது. மச்சான் சந்தையில் நின்றால் அப்படிக் கலக்க ஒருவனும் துணிய மாட்டான். அவர் ஒரு கடையை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அங்கே ஈதான் மொய்க்கும். அந்த மனிதருக்குத்தான் இப்போது வாசனை தெரியவில்லை. ஜனங்களோ முன்பு போலவே வந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் எப்படிச் சமாளித்தார் என்பதைக் கிட்டத்திலிருந்து பார்த்தேன். நுரையைப் பார்ப்பார். கலயத்தின் வாயில் தேனீ உட்காருகிறதா என்று பார்ப்பார். மரமேறியை நிறுத்தி, எந்தக் காட்டில் இறக்கினாய், எப்போது இறக்கினாய் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்பார். எல்லாம் முடிந்தபிறகு, "இருங்க, மொதல் மடக்கு நான்" என்று சொல்லி வாங்கிக் குடிப்பார். குடித்துவிட்டு உடனே சொல்ல மாட்டார். ஆட்டைப் பற்றி, மழையைப் பற்றி, யுத்தத்தைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருப்பார். பிறகுதான், "ம், குடிங்க" என்பார். முன்பெல்லாம் அவருக்கு இந்தத் தாமதம் கிடையாது. ஜனங்கள் இதையும் ரசித்தார்கள். ருசி உள்ளே இறங்கி மேலே வர நேரம் கொடுக்கிறார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அவர் தம் உடம்பையே வைத்துச் சோதித்துப் பார்க்கிறார் என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

அக்கா என்னிடம் வந்தாள். "தம்பி, ஒன் கடையில இப்ப என்ன பெரிய வேலை? நீ கூடப் போ. மொந்தைய மொதல்ல நீ மோந்து பாரு. சரியில்லைன்னா காதச் சொறி. அவுக புரிஞ்சுக்குவாக."

போனேன். என் மூக்கால் ஒரு உபயோகமும் இல்லை. நல்ல கள், கெட்ட கள் எல்லாம் எனக்கு ஒரே நாற்றம். ஒவ்வொரு மொந்தையையும் முகர்ந்துவிட்டு, காதைச் சொறிவதா வேண்டாமா என்று தெரியாமல் கையை இறுக்கிக்கொண்டு நிற்பேன். குளத்தூரில் ஒருநாள் நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். அவர் குடித்தார், பேசினார். பேச்சின் நடுவே எழுந்து கருவேலம் புதருக்குப் பின்னால் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு, நேராக நடந்து வந்து, காத்திருந்தவர்களிடம், "இன்னிக்கு அந்தக் கடை வேணாம்" என்றார். அவர்கள் மரியாதையோடு தலையாட்டினார்கள்.

திரும்பி வரும்போது பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

"தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா என்ன மச்சான்?"

"தெரியலன்னு சொன்னா அவன் குடிக்காமப் போயிருவானா மாப்ள? எதையாச்சும் எடுத்துக் குடிப்பான். நான் மொதல்ல குடிக்கிறது அவனுக்கு ஒரு காவல்."

"ஒங்களுக்கு யாரு காவல்?"

அவர் நடையை எட்டிப் போட்டார். கொஞ்ச தூரம் நடந்தபிறகு வேறு யாரிடமோ பேசுவது போல, "என்னத் தேடி வந்து கேக்குறாக. கேக்குறவுக மொகத்தப் பாத்தா எனக்கு இல்லைன்னு சொல்ல வரல" என்றார்.

அதற்கடுத்த சித்திரையில் கீரமங்கலம் சந்தைக்குத் தஞ்சாவூர் ஜில்லாப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் வந்தது. கல்யாணத்துக்குக் கிடாய் வாங்க வந்தவர்கள். மாப்பிள்ளைப் பையனும் அவர்களோடு இருந்தான். புது வேட்டி, கூச்சம் போகாத சிரிப்பு. மச்சான் அவர்களுக்கு நல்ல கிடாய்களாகப் பார்த்து முடித்துக்கொடுத்தார். பையனுடைய மாமா ஒருவர், "தரகரே, ஒங்களப் பத்தி எங்க ஊரு வரைக்கும் பேச்சு இருக்கு. எங்க மாப்பிள்ளைக்கு இன்னிக்கு நல்லதா ஒண்ணு காமிங்க" என்றார்.

வழக்கமான கடையில் அன்றைக்குக் கள் தீர்ந்துபோயிருந்தது. கடைத்தெருவின் கோடியில் குத்தகை கைமாறிப் புதிதாக ஒருவன் நடத்துகிற கடை இருந்தது. மச்சான் தயங்கினார். பிறகு அங்கேதான் போனோம். மொந்தைகள் வந்தன. நான் குனிந்து முகர்ந்தேன். வழக்கமான நாற்றம்தான். காதைத் தொடவில்லை.

"மொதல் மடக்கு நான்" என்றார் மச்சான். ஒரு மடக்கோடு நிறுத்தவில்லை. புதுக் கடை என்பதாலோ என்னவோ, தம் பங்கு முழுவதையும் குடித்தார். குடித்துவிட்டு மாப்பிள்ளைப் பையனிடம் பெண் எந்த ஊர் என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் மொந்தையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பையனுடைய மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. "என்னங்க, நல்ல நேரம் பாக்கணுமா இதுக்கு?" என்றார். பையன் மொந்தையை உதட்டுக்குக் கொண்டுபோனான். மச்சான் சட்டென்று கையை நீட்டி அதன் வாயை மூடினார்.

"பொறுங்க தம்பி. எனக்காக இன்னும் கொஞ்சம்."

அவர் குரல் வறண்டிருந்தது. தண்ணீர் கேட்டார். குடித்தார். மறுபடியும் கேட்டார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது என்று சைகை காட்டினார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணில் கருமணி விரிந்து கண்ணே கறுப்பாகியிருந்தது. முகம் நெருப்பாகச் சிவந்திருந்தது.

"மச்சான், என்ன செய்யுது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து விரித்தார். எதிரே ஒருவரும் இல்லாத இடத்தில் கையை நீட்டி, துண்டை மேலே போட்டுக்கொண்டு, விரலைத் தொட்டுப் பேரம் பேச ஆரம்பித்தார். "அது கட்டுப்படி ஆகாதுங்க. குட்டி இன்னும் பால் குடிக்குது, தாயோட சேத்துக் குடுங்க" என்று கெஞ்சினார். எதிரே இருந்த ஆள் மறுத்துவிட்டான் போலிருக்கிறது. மச்சான் அழ ஆரம்பித்துவிட்டார்.

ஒருவர்பின் ஒருவராக எல்லாரும் மொந்தையைக் கீழே வைத்தார்கள். பையனுடையது உருண்டு கொட்டியது. கடைக்காரனை அப்புறம் தேடினால் ஆளைக் காணோம்.

கிடாய்க்காக வந்திருந்த வண்டியிலேயே அவரைப் படுக்கவைத்து ஆலங்குடி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினோம். வழியெல்லாம் காற்றில் எதையோ பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் மார்பில் கையை வைத்துக்கொண்டே வந்தேன். நெஞ்சு அடித்த அடி என் கையைத் தூக்கிப் போட்டது. இவரை அக்காவிடம் எப்படிக் கொண்டுபோய்க் காட்டுவேன் என்பதைத் தவிர வேறு நினைப்பு எனக்கு இல்லை. பையனுடைய மாமா மாட்டை விரட்டிக்கொண்டே, "ஐயா, எங்க புள்ளைக்கு வந்தத நீங்க வாங்கிக்கிட்டீங்களே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்.

டாக்டர் வயிற்றைக் கழுவி, மருந்து கொடுத்து, கைகால்களைத் துணியால் கட்டிலோடு கட்டிப் போட்டார். "ஊமத்தைதான். கள்ளோட புளிப்புல வாடையும் தெரியாது, கசப்பும் தெரியாது. நிறையக் குடிச்சிருக்கார். பார்ப்போம்" என்றார். அக்கா வந்து சேர்ந்தபோது அவளை யார் என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் கத்தவில்லை, அழவில்லை. கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கட்டியிருந்த அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் வெயில் வந்தபிறகுதான் அவர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் இருந்தபோதே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆலங்குடியிலிருந்து, கீரமங்கலத்திலிருந்து, கல்யாண வீட்டிலிருந்து. எல்லாரும் ஒரே கதையைத்தான் கொண்டுவந்தார்கள். தரகர் நாக்கில் பட்டவுடன் விஷம் என்று கண்டுபிடித்துவிட்டார், பையன் வாய்க்குப் போன மொந்தையைக் கையால் மறித்துவிட்டார், அப்படி ஒரு நாக்கு வேறு எங்கும் கிடையாது என்றார்கள். மச்சான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். விஷத்தில்கூட அவர் முகம் அப்படிச் சுருங்கியதில்லை.

அவர்கள் போனபிறகு அக்கா கேட்டாள்: "இனிமே என்ன செய்யப் போறீக?"

"சொல்லிருறேன்" என்றார். "எல்லார் முன்னாலயும் சொல்லிருறேன். ஆடு போனாப் போகட்டும்."

உடம்பு தேறி அவர் சந்தைக்குக் கிளம்பிய முதல்நாள், அக்காவும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினாள். "அவுக போனா நானும் வாரேன்" என்றாள். அதுவரை அவள் ஆட்டுச் சந்தைக்குள் கால் வைத்ததில்லை. எங்கள் வீட்டில் பெண்கள் கள்ளுக்கடை இருக்கிற தெரு வழியாகக்கூட நடக்க மாட்டார்கள்.

கீரமங்கலத்தில் அவரைக் கண்டதும் கூட்டம் கூடிவிட்டது. பழைய கடைக்காரர், மச்சானுக்கு நெடுநாள் பழக்கமானவர், நுரை ததும்ப ஒரு மொந்தையைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"அண்ணே, நடந்ததுலேர்ந்து ஒரு பயலும் எந்தக் கடைக்குள்ளயும் வரமாட்டேங்குறான். நீங்க ஒரு வாய் குடிச்சு நல்லாருக்குன்னு சொன்னாத்தான் எங்க எல்லாருக்கும் பொழப்பு."

மச்சான் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். எனக்குக் காய்ச்சலுக்கு அப்புறம் மூக்கு செத்துப்போச்சு. வாசம் தெரியாது, ருசியும் பாதிதான். இத்தன நாளா நான் சொன்னதெல்லாம் குருட்டு வாக்கு. அன்னிக்கும் நான் எதையும் கண்டுபிடிக்கல. விஷம் எனக்கு ஏறிச்சு, நீங்க பாத்தீங்க. இனிமே என்னக் கேக்காதீங்க."

பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். "பயந்துபோயிட்டாரு, பாவம்" என்றார் ஒருவர். "பெரிய மனுசன் எப்பவும் தனக்குத் தெரியாதுன்னுதான் சொல்லுவான்" என்றார் இன்னொருவர். கடைக்காரர், "வெளயாடாதீங்கண்ணே, ஒரே ஒரு வாய்" என்று மொந்தையை இன்னும் கிட்டத்தில் நீட்டினார்.

உண்மையைச் சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவர்கள் நம்பவே மாட்டார்கள் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. மச்சான் முகம் வெளிறியது. ஆனால் பழக்கம், அவர் கை தானாக நீண்டது.

மொந்தை அவர் கைக்குப் போகவில்லை. அக்கா குறுக்கே வந்து அதை வாங்கிக்கொண்டாள். முந்தானையால் வாயை மறைத்துக்கொள்ளவில்லை. அத்தனை ஆண்களுக்கும் முன்னால் அண்ணாந்து குடித்தாள். பாதியில் குமட்டியது. கண்ணில் நீர் வந்தது. நிறுத்தாமல் கடைசிவரை குடித்துவிட்டு மொந்தையைக் கவிழ்த்துக் காட்டித் தரையில் வைத்தாள்.

"ஆத்தா, என்ன காரியம் இது" என்றார் கடைக்காரர்.

"இனிமே அவுகளக் கேக்கணும்னா என்னயக் கேளுங்க" என்றாள் அக்கா. சத்தம் போடவில்லை. "மொதல் மடக்கு நான் குடிக்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா நீங்க குடிங்க. ஆச்சுன்னா தூக்கிட்டுப் போங்க. இருங்க, யாரும் போகாதீங்க. அவுக குடிச்சிட்டு எம்புட்டு நேரம் நிப்பாகளோ அம்புட்டு நேரம் நானும் நிக்கிறேன்."

நின்றாள். வெயில் நேராக மண்டையில் அடித்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவர் ஆட்டைப் பார்க்கப் போகிறவர் போல நகர்ந்தார். அடுத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கொஞ்ச நேரத்தில் நாங்கள் மூன்று பேரும் கடைக்காரரும்தான் மிச்சம். கடைக்காரர் காலி மொந்தையைத் தரையிலிருந்து எடுத்துக்கொண்டு, மச்சானைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் ஒருவரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஆட்டுக்கு வந்தார்கள், முன்பைவிடக் கொஞ்சம் குறைவாக. அது பிறகு நடந்தது. அன்றைக்குத் திரும்பி வருகிற வழியில் அக்காவுக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. கருமணி விரிகிறதா என்று அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் இல்லை, பழக்கமில்லாத கள் ஏறியிருந்தது, அவ்வளவுதான். மச்சான் அவள் தலையைத் தம் மடியில் வைத்துக்கொண்டு, வண்டி குலுங்கும்போதெல்லாம் கையால் தாங்கிக்கொண்டார்.

வெகுதூரம் வந்தபிறகு, தயங்கித் தயங்கி அவளிடம் கேட்டார்.

"எப்புடி இருந்துச்சு?"

அக்கா கண்ணைத் திறக்காமல் யோசித்தாள். "மொதல்ல புளிப்பு. அப்பறம்... நெல்லு அவிக்கிற எடத்துல ஒரு வாடை வருமே, அது மாதிரி. கடைசியில நாக்கு ஓரத்துல லேசா இனிப்பு. எனக்குச் சொல்லத் தெரியலங்க."

"நல்லாத்தான் சொல்ற" என்றார் மச்சான். "இன்னும் சொல்லு."

நான் வண்டியிலிருந்து இறங்கி, மாட்டுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தேன்.